ஒரு கடையில் கூட்டம், மறு கடையில் ஈ!

ஜெயங்கொண்டத்தில் ரேஷன் அரிசி வாங்கப் பையும் அட்டையும் மட்டும் போதாது. எந்திரத்தில் விரல் ரேகையும் வைக்கவேண்டும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் இப்படித்தான்.

விரல் வைத்ததும், எங்கோ தொலைவில் உள்ள கம்ப்யூட்டர்களுக்குக் கேள்வி போகிறது. "ஆள் சரிதான்" என்று பதில் வந்தால் அரிசி கிடைக்கும். பதில் தாமதமானால்? வரிசை நகராது. கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போய்விடும்.

தாமதத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, பங்கீட்டுக் கோளாறு.

எப்படிப் பிரிப்பது?

கோடிக்கணக்கான பேரின் விவரத்தை ஒரே கம்ப்யூட்டர் தாங்காது. பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துப் பிரித்தால் என்ன ஆகும்? 'ம' வரிசையில் கூட்டம் நெரியும். 'ஔ' வரிசையில் ஆளே இராது. ஒன்று திணறும், மற்றொன்று ஈ ஓட்டும்!

எனவே சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல், ஒரு கணக்குப் போட்டுக் கலைத்துப் பிரிக்கிறார்கள்.

5-வது கடை வந்தால்?

4 கடைகள், 100 அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். அட்டை எண்ணை 4-ஆல் வகுத்து, மீதியைப் பார்த்துக் கடையை ஒதுக்குகிறோம். கடைக்கு 25 அட்டை. இப்போது 5-வது கடை திறக்கிறது. 5-ஆல் வகுத்தால் 80 அட்டைகள் கடை மாறவேண்டும். ஊரே அல்லோலகல்லோலம்!

இதற்கு 1997-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். கடைகளையும் அட்டைகளையும் ஒரு வட்டத்தில் நிறுத்து. ஒவ்வொரு அட்டைக்கும் வட்டத்தில் அடுத்து வரும் கடையே சொந்தம். ஒவ்வொரு கடைக்கும் வட்டத்தில் பல இடம் கொடு. புதுக் கடை வந்தால், பழைய கடைகள் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சுமார் 20 அட்டைகளே மாறும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அமேசான் கம்பெனி 2007-ல் வெளியிட்ட 'டைனமோ' முறை இந்த வட்டத்தை வைத்தே அமைந்தது. அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக் இருவரும் பேஸ்புக் கம்பெனியில் உருவாக்கி, 2008-ல் வெளிவந்த 'கசாண்ட்ரா'வும் அப்படியே.

சரக்கா, வேலையா?

சரக்கைச் சமமாகப் பிரித்தால் மட்டும் போதுமா? போதாது. இரண்டு கடையிலும் 25 அட்டைதான். ஆனால் ஒரு கடைக்காரர்கள் எல்லோரும் முதல் தேதியே வந்து நின்றால்? சரக்கு சமம், வேலை சமமில்லை. கம்ப்யூட்டரிலும் சில விவரங்களையே ஓயாமல் கேட்பார்கள். ஆகவே இருப்பை மட்டுமல்ல, கூட்டத்தையும் கவனிக்கவேண்டும். ஒன்று படுத்தால் மற்றொன்று பதில் சொல்ல, விவரங்களுக்குப் பிரதியும் வேண்டும்.

கணக்கு எவ்வளவு நுட்பமாகவும் இருக்கட்டும். விரல் வைத்த பாட்டி வெயில் ஏறுமுன் அரிசியோடு வீடு திரும்பினாளா? பங்கீடு சரியா என்பதற்கு அதுவே பரீட்சை.