பால்கோவா கடைக்குப் பக்கத்தில் இலந்தை



மார்கழி நீராட்டு உற்சவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவர்கள் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, கையில் பால்கோவா பொட்டலத்தோடுதான் பஸ் ஏறுவார்கள். அந்தக் கடைகளுக்குச் சற்றுத் தள்ளி, சாக்கு விரித்து இலந்தைப் பழம் விற்கும் ஆச்சிகளிடமும் இந்த முறை ஒரு நிமிடம் நில்லுங்கள். பச்சை, மஞ்சள், செம்பழுப்பு என்று ஒரே குவியலில் மூன்று நிறம். செம்பழுப்பில் தோல் சுருங்கிய பழமாகப் பார்த்துப் பொறுக்குங்கள். இனிப்பு அதில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதை ‘இந்தியன் ப்ளம்’ என்கிறார்கள். ராஜபாளையம் பக்கம் மலையடிவார ஓடைக்கரைகளில் நிற்கும் நாவலுக்கு ‘ஜாவா ப்ளம்’ என்று பெயர். உருண்டைப் பழம், உள்ளே ஒற்றைக் கொட்டை. அதைப் பார்த்து ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்ப் பழத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். உண்மையில் மூன்றும் உறவே இல்லை. ப்ளம் ரோஜா குடும்பம். நாவலுக்குச் சொந்தம் கொய்யாவும் கிராம்பும். இலந்தை தனிக் குடும்பம்.

அசல் ப்ளம் குளிர் கேட்கும் மரம். அதனால் நமக்கு அது கொடைக்கானலிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் கோடையில் இறங்கி வருகிறது. ‘ஜப்பானிய ப்ளம்’ என்று உலகம் அழைக்கும் இனத்தின் பிறப்பிடம் சீனா. நாட்டு மருந்துக் கடையில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு வாங்கும் ஆல்பகோடாவும் உலர்ந்த ப்ளம்தான். பாரசீகத்தில் ‘ஆலு’ என்றால் ப்ளம். புகாரா இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள நகரம். ஆலுபுகாரா நம் வாயில் ஆல்பகோடா ஆயிற்று.

நம் இலந்தையின் பெயரும் தொலைதூரம் போயிருக்கிறது. இலந்தைக்கு வடமொழியில் பதரி. தமிழில் அது வதரி. இமயத்தில் சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பத்ரிநாத்துக்குப் பெயர் தந்தது இந்தப் பதரிதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெரியாழ்வார், தேவப்பிரயாகையைப் பாடிய பதிகத்திலேயே வதரியையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நாவலுக்கும் குறைவில்லை. நாவலந்தீவு என்று இந்த நிலப்பரப்புக்கே பெயர் கொடுத்த மரம் அது. திருவானைக்காவலில் வெண்ணாவல் தலமரம்.

இத்தனை பெருமை இருந்தும், இலந்தை இன்று வேலியோரத்து முள்மரமாகத்தான் பார்க்கப்படுகிறது. மனை போடும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். விருதுநகர் மாவட்டம் போன்ற மானாவாரி பூமிக்கு இதைவிடப் பொருத்தமான பழமரம் எது? ஆணிவேர் ஆழத்தில் போய் நீர் தேடும். கடும் வெயிலில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். மழை கண்டதும் துளிர்த்து, அந்தப் புதுக் கிளையிலேயே பூத்துக் காய்க்கும். அதனால்தான் அறுவடை முடிந்தபின் கவாத்து செய்யச் சொல்கிறார்கள். தழை ஆட்டுக்கு, முள் படலுக்கு, பழம் நமக்கு. ஆப்பிளைக் காட்டிலும் வைட்டமின் சி இதில் பல மடங்கு.

காட்டு இலந்தை சிறியது, புளிப்பு என்று ஒதுக்க வேண்டியதில்லை. வளர்ந்து நிற்கும் நாட்டு மரத்திலேயே மொட்டுக் கட்டி நல்ல ரகமாக மாற்றிக்கொள்ளலாம். உம்ரான், பனாரசி, கோலா, செப் என்று ரகங்கள் இருக்கின்றன. இந்தியில் கோலா என்றால் உருண்டை, செப் என்றால் ஆப்பிள். பழத்தின் வடிவம் பெயரிலேயே தெரிந்துவிடும். ஆனால் இலந்தை வடைக்கு நாட்டுப் பழமே வேண்டும். கொட்டையோடு உரலில் இட்டு, வெல்லம், புளி, காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து இடித்து, தட்டி, வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அந்தப் புளிப்பும் உறைப்பும் ஒட்டுப் பழத்தில் வராது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக் கைப்பக்குவம் ஒன்றை ஊரே சேர்ந்து பேணியதால் வந்த மரியாதை அது. பால்கோவா அடுக்கிய அதே கண்ணாடி அலமாரியில், சுத்தமாகச் செய்து பொட்டலமிட்ட இலந்தை வடைக்கும் ஒரு தட்டு ஒதுக்கக் கடைக்காரர்கள் முன்வர வேண்டும். மகளிர் குழுக்களுக்கு அது நல்ல வருமானம். பழத்துக்கு விலை கிடைத்தால், வரப்பில் நிற்கும் மரத்தின் மேல் யாரும் கோடாலி வைக்க மாட்டார்கள்.

உங்கள் ஊரில் இலந்தை எங்கே நிற்கிறது, அதற்கு அங்கே என்ன பெயர், வீட்டில் வடை எப்படித் தட்டுவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். தோட்டமோ வரப்போ வைத்திருப்பவர்கள் அடுத்த மழைக்கு ஒரு கன்றாவது ஊன்றுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்