எடுப்பது அரசு, பெறுவது யார்?

நிலத்தை எடுப்பது அரசின் அதிகாரம். இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதோ அந்த மண்ணின் உரிமைக் கணக்கு. 1707-இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் இணைந்தபோது, ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவு இவ்விரண்டையும் பிரித்து வைத்தது. பொது நிர்வாகச் சட்டங்களை இரு நாட்டுக்கும் ஒன்றாக்கலாம். ஸ்காட்லாந்து மக்களுக்குக் கண்கூடான நன்மை இருந்தாலன்றி அவர்களுடைய தனியுரிமைச் சட்டத்தைத் தொடக் கூடாது. நில இழப்பீட்டை இதில் எந்தப் பக்கம் சேர்ப்பது?

ரயில் கம்பெனிகள் நிலத்துக்கு அலைந்த 1845-இல் லண்டன் நாடாளுமன்றம் நாட்டுக்கு ஒன்றாக இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து இயற்றியது. சட்டகம் ஒன்றுதான், உள்ளே வேறுபாடு உண்டு. 50 பவுண்டுக்கு மிகாத தகராறை இங்கிலாந்தில் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் தீர்த்தார்கள். ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் தீர்த்தார், அங்கே அவர் சட்டம் படித்த நீதிபதி. நில உரிமை இன்னும் சிக்கலானது. ஸ்காட்லாந்தில் நிலம் வைத்திருப்பவருக்கு மேலே ஒரு மேலுரிமையாளர் இருப்பார், ஆண்டுதோறும் அவருக்கு ஒரு தொகை போகும். நம் மேல்வாரத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இது விளைச்சலில் பங்கு அல்ல, பத்திரத்தில் எழுதிய கட்டணம். தண்டவாளம் வந்தால் அந்த வருமானமும் போகும் என்பதால் அதற்கும் ஈடு கட்டப் பிரிவுகள் எழுதினார்கள். பெயரை மட்டும் மாற்றி ஒட்டிய வேலை அல்ல இது.

விரும்பி விற்காதவருக்குச் சந்தை விலைக்கு மேல் 10 சதவீதம் சேர்த்துத் தரும் வழக்கம் இருந்தது. 1919-இல் அதை நிறுத்தினார்கள். அதே சிந்தனை இந்தியாவின் 1894 நில எடுப்புச் சட்டத்தில் 15 சதவீத ஆறுதல் தொகையாக ஏறி, 1984-இல் 30 ஆகி, 2013-இல் 100 ஆனது. பிறந்த வீட்டில் மடிந்தது புகுந்த வீட்டில் வளர்ந்திருக்கிறது.

இழப்பீட்டு விதிகளைத் தொகுத்த சட்டம் இங்கிலாந்துக்கு 1961-இல் வந்தது, ஸ்காட்லாந்துக்கு 1963-இல். இரண்டு ஆண்டுத் தாமதம் பொறுக்கக்கூடியது. நிலத் தீர்ப்பாயத்தின் கதை அப்படியல்ல. 1949-இல் ஒரே சட்டம் இரு நாட்டுக்கும் தீர்ப்பாயம் தர வழிசெய்தது. ஸ்காட்லாந்தில் அது அமைய 1971 ஆயிற்று. தனிச் சட்ட முறை என்பது காக்கவேண்டிய செல்வம்தான், காத்திருக்க வைப்பதற்கான சாக்கு அல்ல.

அந்த இடைவெளியில்தான் கிளாஸ்கோ உருமாறியது. ஆண்டர்ஸ்டன், சேரிங் கிராஸ் பகுதிகளை ஊடுருவி எம்-8 நெடுஞ்சாலை வந்தது. அடுக்குக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவர்கள் ஏராளம். வீட்டின் விலை சொந்தக்காரருக்குப் போகும். தலைமுறையாகக் குடியிருந்தவருக்கு ஊர் போனதற்கு என்ன கணக்கு? 1973-இல் வந்த இரட்டைச் சட்டங்கள் குடியிருப்பு இழப்புக்கென்று தனித் தொகை தந்தன, வாடகைதாரருக்கும் சேர்த்து. இந்த நீண்ட கதையில் நான் மிகவும் மதிக்கும் மாற்றம் இதுதான்.

அதே நகரின் செயின்ட் ஜார்ஜ் சாலைக் கடை ஒன்றின் வழக்கு 1978-இல் பிரபுக்கள் சபை வரை போனது. கட்டடத்தின் பெரும்பகுதி ஒருவருடையது. வியாபாரம் நடத்திய கம்பெனியின் 1,000 பங்குகளில் 999-உம் அவருடையவை. ஆனாலும் கம்பெனி வேறு, ஆள் வேறு என்று சொல்லி, வியாபாரம் குலைந்ததற்கான தொகையை அவருக்கு மறுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய இதே நிலையிலிருந்த ஒரு நிறுவனக் குழுமத்தை ஒன்றாகவே பார்த்து ஈடு தந்திருந்தது. அந்தத் தீர்ப்பே சரிதானா என்ற ஐயத்தை ஸ்காட்லாந்து வழக்கு எழுப்பியது. ஒரு நாட்டுச் சட்டத்திலிருந்து மற்றது எடுத்துக்கொள்வது ஒரு பக்கம் மட்டும் நடப்பதில்லை.

மேலுரிமை முறை 2004 நவம்பரில் ஒழிந்தது. அதற்காக எழுதிய பிரிவுகளைச் சுமக்கும் 1845 சட்டமோ நிலைத்துவிட்டது. இங்கிலாந்து 1965-இலேயே தன் பங்கைப் பெரிதும் புதுப்பித்துக்கொண்டது. முழுவதையும் நீக்கிப் புதுச் சட்டம் இயற்றுமாறு ஸ்காட்லாந்துச் சட்ட ஆணையம் 2016-இல் பரிந்துரைத்தது. அதை எழுதும் அதிகாரம் இப்போது எடின்பரோ நாடாளுமன்றத்திடமே இருக்கிறது. லண்டனைக் காரணம் காட்ட இனி இடமில்லை.