மொக்கு என்றொரு சொல்

ஆசிரியர் அறைகளில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறோம். 'மொக்கு' என்பது அச்சொல். ஆறாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பந்தியை வாசிக்க இயலாத பிள்ளைக்கு நாம் சூட்டும் பட்டம் அது. அப்பிள்ளை வெள்ளவத்தையில் வசதியுள்ள வீட்டிற் பிறந்திருந்தால் கட்டணம் கொடுத்து நிபுணரிடம் காட்டுவார்கள். 'டிஸ்லெக்சியா' என்ற சான்றிதழும் தனிப் பயிற்சியும் கிடைக்கும். கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியின் மகனோ மொக்காகவே பள்ளியை விட்டு நீங்குவான். குறை ஒன்று, பெயர் இரண்டு. எந்தப் பெயர் என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் வருவாய்.

1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனே என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதிற் குறித்தார். அந்த ஆசிரியரின் கண் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. நமது வகுப்பிலும் அப்படியொருவன் இருந்தான். நாம் வாசிக்கக் கேட்டால் வினாவுக்குச் சரியான விடை சொல்வான். புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் 'மாணவன்' என்பதை 'மாலை' என்பான். முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிப்பான். மூன்று தவணை அவனைப் பின் வாங்கில் இருத்தியவர்கள் நாமே.

நாம் தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் படித்துப் பட்டம் பெற்றவர்கள். பல்லிலும் இதழிலும் அண்ணத்திலும் ஒலி பிறக்கும் விதத்தை அன்றே சொன்னோம் என்று மேடைகளில் மார்தட்டுகிறவர்கள். எழுத்தென்பது ஒலியே என்ற நன்னூலாரின் முடிபும் நமக்கு மனப்பாடம். ஆயினும் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு 247 எழுத்துக்களையும் 247 படங்களாகவே காட்டுகிறோம். 12 உயிரும் 18 மெய்யும் கூடியே 216 உயிர்மெய் பிறக்கின்றன என்பதை, அது வேண்டியிருந்த வயதிற் சொல்லாமல், பல ஆண்டு கழித்து இலக்கண வினாத்தாளுக்காகச் சொல்கிறோம். 'கல்' என்பதில் க், அ, ல் என்று மூன்று ஒலி உண்டெனக் காது பிரித்தறியும் பயிற்சியே வாசிப்பின் அடிப்படை. ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவும் 2000இல் இப்பயிற்சியின் பயனை உறுதிசெய்தது.

எழுதியபடி வாசிக்கும் தமிழில் ஆங்கிலத்து நோய் வராது என்பாரும் உளர். இத்தாலியமும் ஜெர்மனும் எழுதியபடி வாசிக்கும் மொழிகளே. அங்கும் இப்பிள்ளைகள் உண்டு. பிழை குறைவு, வேகந்தான் இல்லை. தமிழ்தான் அத்துணை எளிதோ? 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ககரம் ஒரே விதமாகவா ஒலிக்கிறது? 'தொ'வில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்க, ஒலியோ மெய்க்குப் பின்னரே வருகிறது.

'வந்திட்டுது' என்று பேசும் பிள்ளை 'வந்துவிட்டது' என்று வாசிக்கத் தடுமாறினால் அது வழக்கு வேறுபாடு. ழகரத்தை ளகரமாக எழுதினால், அவன் பேச்சில் அவ்வொலி இல்லை. ரகரத்துக்கு நா வளையாவிட்டால் உச்சரிப்புக் குறை. கேட்டதே விளங்காவிட்டால் மொழிக் குறை. கண்ட எழுத்தை ஒலியாக்க இயலாவிட்டால் வாசிப்புக் குறை. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. நம்மிடமோ சிவப்பு மை ஒன்றே உண்டு.

ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றுகிறது. தமிழிற் பரிசோதிக்க வல்லார் அவருள் மிகச் சிலரே. 1945 முதல் கல்வி இலவசம் என்கிறோம். வாசிக்கத் தெரியாமலே பதினொரு ஆண்டு வாங்கில் இருப்பதும் இலவசந்தான்! ஆசிரியர் கலாசாலைகளில் இவ்வேறுபாடுகள் தமிழிற் கற்பிக்கப்பட வேண்டும். வலயத்துக்கொரு தமிழ்ச் சிகிச்சையாளரேனும் வேண்டும். கேட்பது யார்? 2021இல் சம்பள முரண்பாட்டை எதிர்த்து மூன்று மாதத்துக்கு மேல் உறுதியாக நின்றோம், அப்போராட்டம் நியாயமானதே. பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்காக ஒரு நாளேனும் நின்றோமா?