செட்டிநாட்டு வீட்டுக் கதவைக் கழற்றி விற்கிறார்கள்!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடிக்கிற கைக்கு நம்ம ஊரில் பஞ்சம் இல்லை. ஆனால் புது பங்களா கட்டுகிற பணக்காரர்கள் வேலைப்பாட்டுக் கதவு தேடி எங்கே போகிறார்கள்? காரைக்குடிக்கு!

அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. தேக்குத் தூண், நிலை, கதவு எல்லாம் விலைக்கு உண்டு. பல சரக்கு, இடிபட்ட செட்டியார் வீடுகளில் இருந்து பெயர்த்து வந்தவை.

இந்த வகை வீடுகளில் பேர் போனது கானாடுகாத்தான் அரண்மனை. 1912ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியது. நம்ம பழைய தென்னார்க்காடு ஜில்லாவில், சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வைத்தாரே, அவரேதான். தூணுக்கு பர்மா தேக்கு. தரைக்கு இத்தாலி சலவைக்கல். அந்தப் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவர் பூசுவார்கள். கை வைத்தால் வழுக்கும். வருஷா வருஷம் வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்!

முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. நடுவே வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றி, கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை.

வினை அங்கேதான்!

அரண்மனை நிமிர்ந்து நிற்கிறது. மற்ற வீடுகளின் கதை வேறு. பணம் பர்மாவில் வட்டித் தொழிலில் வந்தது. 1930ல் கீழ் பர்மா நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை. 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது. பணத்துக்குப் பதில் வயல்! 1942ல் ஜப்பான் படை நுழைந்ததும் உயிர் தப்பினால் போதும் என்று ஓடி வந்தார்கள். பிறகு நிலத்தை பர்மா சர்க்கார் எடுத்துக்கொண்டது.

வருமானம் நின்றது. வாரிசு மட்டும் பெருகியது. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊர். ஓடு மாற்ற ஒருத்தர் சம்மதித்தால் இன்னொருத்தர் சம்மதிப்பதில்லை. ஒழுகுகிற வீட்டைப் பிரிப்பது கஷ்டம். தூணை விற்று ரூபாயைப் பிரிப்பது சுலபம். சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்தன.

2012ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் ஏறின. சரி, ஓட்டுக்கு யார் காசு கொடுப்பது?

வாங்குகிற ஆள் இருக்கும் வரை கடப்பாரை ஓயாது. வேலைப்பாட்டுக் கதவுதான் வேண்டும் என்றால், சேலம் பஸ் பிடித்து கள்ளக்குறிச்சியில் இறங்கலாம். அளவு சொல்லி அட்வான்ஸ் கொடுத்தால் புதுசாகவே செய்து தருவார்கள்.