இடம் கொடுத்த ஊர்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவரைப் பாராட்டும் கூட்டங்கள் எங்கள் மூதூர்ப் பகுதியில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. மாலை உண்டு, பொன்னாடை உண்டு, நீண்ட சொற்பொழிவுகளும் உண்டு. பேசுவோர் அனைவரும் தவறாது ஒன்றைக் கூறுவர்: படித்துப் பட்டம் பெற்ற பின் இந்த மண்ணுக்குச் சேவை செய்யுங்கள் என்று. அந்தப் 'பின்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

சேவை என்பதை மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு மனமிரங்கி அளிக்கும் கொடையாகவே நாம் கருதப் பழகிவிட்டோம். மூதூர் மாணவரைப் பொறுத்தவரை இக்கருத்து அடிப்படையிலேயே தவறானது என்பேன். நம் நாட்டில் பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களுள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. திருகோணமலை அவற்றுள் ஒன்று. தமிழ் மாணவர் நெஞ்சில் ஆறாத வடுவை ஏற்படுத்திய 1970களின் தரப்படுத்தலோடு பிறந்த முறை இது என்பதை நான் மறந்தேனல்லேன். யாழ்ப்பாணத்து நண்பர்களோடு இதுபற்றி வாதிடப் புகுந்தால் பொழுது புலர்ந்துவிடும். ஆயினும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் மூதூரிலும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது இவ்வழியாகத்தான்.

இதன் உட்பொருளை மாணவர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி ஏன் தாழ்கிறது? அங்குள்ள பிள்ளைகளிற் பலர் போட்டிக்கே வரமுடியாமற் போவதனால். உடன் படித்தவன் சாதாரண தரத்தோடு நின்று கடலுக்குப் போனான். அடுத்த வீட்டுப் பெண் இடம்பெயர்ந்த முகாமில் இரண்டு வகுப்புகளை இழந்தாள். அவர்கள் பின்தங்கியமையால் விளைந்த சலுகை, முன்னே சென்ற ஒருவனுக்குப் பல்கலைக்கழக இடமாக வாய்த்தது. ஆகவே அவன் ஊருக்குச் செய்வது கொடையாகாது. வாங்கிய கடனின் வட்டி. பட்டம் பெறும்வரை கடன்காரர் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

இவ்வூர் பின்தங்கியது சோம்பலினால் அன்று. 2004 மார்கழி 26 ஆம் நாள் கொட்டியாரக் குடாவின் கரைகளைக் கடல் வாரிக்கொண்டது. 2006 ஆகஸ்டில் போர் மூண்டபோது மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாயிலே தஞ்சம் புகுந்தனர். சம்பூர்த் தமிழ் மக்களோ இடம்பெயர்ந்து, 2015, 2016 ஆம் ஆண்டுகளிற்றான் தம் நிலத்தை மீண்டும் மிதித்தனர். முகாமில் அரிச்சுவடி தொடங்கிய குழந்தை அங்கேயே இளைஞனாகி வெளியே வந்த கதைகள் உண்டு. அதே 2006 ஆகஸ்டு 4 ஆம் நாள், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர் ஊழியர் 17 பேர் மூதூரில் வைத்துக் கொல்லப்பட்டனர். எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. தொண்டு என்ற சொல்லை எங்கள் ஊரில் உச்சரிப்போர் சற்றுக் குரலைத் தாழ்த்தி உச்சரிப்பது நன்று.

அப்படியிருக்க, இன்று மாணவர் சேவை என்ற பெயரில் நடப்பதென்ன? ஒரு பாடசாலையில் நடந்த சேவை நாளுக்கு நானும் சென்றிருந்தேன். பதாகை கட்டவே காலைப்பொழுது கழிந்தது. மரக்கன்றுகள் நட்டு, படம் பிடித்து, சிற்றுண்டி அருந்திப் பிரிந்தோம். கன்றுகளை அடுத்த வாரம் ஆடுகள் தின்றுவிட்டன. ஆடுகளை நான் குறைகூற மாட்டேன். அவையாவது நாள்தோறும் வந்தன.

மாணவர் சேவைக்கு நம் நாட்டில் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. 1958 ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனதொலுவை என்னும் சிற்றூருக்குப் போனார். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்து முளைத்தது. மண்வெட்டி பிடித்தமை அங்கு பெரிதன்று. பட்டணத்துப் பிள்ளைகள் தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் நடுவிலே தங்கி, உடனுண்டு, அவர்களுடைய வாழ்க்கையை அறிந்தமையே பெரிது. சிரமதானம் என்ற பெயரை வைத்துக்கொண்ட நாம் அந்தத் தங்குதலை விட்டுவிட்டோம்.

கட்டைபறிச்சான் பக்கத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் நான் கண்டதைக் கூறுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்த ஒரு மாணவி, மாலைதோறும் அயலிலுள்ள ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் கொப்பியை எனக்குக் காட்டினாள். முத்து முத்தான எழுத்து. "ஐயா, இவனுக்கு வாசிக்கத் தெரியாது. கரும்பலகையில் இருப்பதைப் படம்போலப் பார்த்து வரைகிறான். எனக்கே இது மூன்று கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது" என்றாள். நான் திகைத்தேன். எத்தனை சேவை நாட்கள் நடத்தினாலும் இது தெரியவருமா? கொப்பியைப் பார்த்துக் கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுத்துப் போயிருப்போம்.

இந்த மாணவர்களுக்கு ஓய்வில்லையா என்றால், உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக வாயிலுக்கும் இடையே ஓராண்டும் அதற்கு மேலும் வீணே கழிவது யாவரும் அறிந்தது. தூரமும் தடையன்று. 'பாதை'க்காகத் துறை துறையாகக் காத்துக் கிடந்த காலம் போய், கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தாயிற்று. கோணேசபுரி வளாகத்து மாணவர் வார இறுதியில் வீடு வந்து திரும்பலாம். சிங்களத்தில் வந்த அரசாங்கக் கடிதத்தை ஒரு மூதாட்டிக்கு வாசித்துச் சொல்ல எந்த இயக்கமும் வேண்டியதில்லை.

ஆசிரியரை நியமிக்க வேண்டியது அரசாங்கம். அதன் குறையை மாணவரைக் கொண்டு ஒட்டுப்போடுவதா என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. என்னிடம் முழுமையான விடையில்லை. சேவையைக் கட்டாயமாக்குவதையும் நான் விரும்பேன். கட்டாயமாக்கினால் பதாகைதான் மிஞ்சும். கூலி வேலைக்குப் போயே தீரவேண்டிய மாணவனிடம் கடனைக் கேட்கும் துணிவும் எனக்கில்லை. ஆனால் அரசாங்கம் ஆசிரியரை அனுப்பும்வரை அந்தச் சிறுவன் வளராமல் நிற்பானா?

அந்த மாணவிக்கு அனுமதி கிடைத்துப் போய்விட்டாள். போகுமுன், அவ்வாண்டு பரீட்சை எழுதிய ஒரு பையனிடம் விறாந்தையை ஒப்படைத்திருக்கிறாள். அவன் கண்டிப்பானவன் என்று பிள்ளைகள் முறையிடுகிறார்கள். கொப்பியில் முத்து கோத்த சிறுவன் அண்மையில் சந்தியில் நின்று பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தானாம். 'திருகோண' என்பதற்குள் பேருந்து புறப்பட்டுவிட்டதாம்.