தரிப்பிடக் கட்டணமும் நகரவாயிற் குத்தகையும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையாக அமைவது மகாவலியின் கிளைகளுள் ஒன்றாகிய வெருகலாறு. அதன் கரையில் வாழும் விவசாயிக்கும் மீனவனுக்கும் மாவட்டத்தின் தலைநகர் உல்லாசமாகச் சென்று வருவதற்குரிய இடமன்று. காணிப் பிரச்சினை என்றால் கச்சேரிக்குச் செல்லவேண்டும். நோய் முற்றினால் பொது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நீரிறைக்கும் இயந்திரத்தின் உதிரிப்பாகம் ஒன்று பழுதாகிவிட்டால் அதற்கும் நகரத்துக் கடையையே நாடவேண்டும். ஒரு காலத்தில் இப்பயணம் வழியிலே குறுக்கிட்ட ஓடத்துறைகள் ஒவ்வொன்றிலும் காத்துக் கிடந்து செய்யவேண்டிய பயணமாக இருந்தது. 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மட்டக்களப்பு - திருகோணமலை வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. வெருகலுக்கும் நகருக்கும் இடையிலான காலத்தொலைவு குறுகியது.

வழியிலே துறைகள் மறைந்தன. ஆயின் வழி முடிகின்ற இடத்திலே புதியதொரு துறை தோன்றிவருகின்றது. கடைவீதியில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் ஒருவர் வந்து நிற்பது இலங்கையின் நகரங்கள் பலவற்றில் இன்று வழக்கமாகிவிட்டது. அக்கட்டணம் உயருந்தோறும் ஒரே விவாதம் திரும்பத் திரும்ப நிகழ்கின்றது. நெரிசலைக் குறைக்கவும் வருமானத்தைப் பெருக்கவும் கட்டணம் வேண்டும் என்கின்றன உள்ளூராட்சி மன்றங்கள். வருவோரை அது விரட்டிவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்கின்றனர் வர்த்தகர்கள். இரு சாராரும் பேசுவது கட்டணத்தின் தொகையைப் பற்றியே. அதனை அறவிடுபவர் யார், அறவிட்ட பணம் எங்கே செல்கின்றது என்னும் வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. உண்மையில் சிக்கலின் வேர் அங்கேயே உள்ளது.

முதலில் வர்த்தகர்களின் வாதத்தை நோக்குவோம். தரிப்பிடக் கட்டணம் வணிகத்துக்குப் பகை என்பது அவர்களது நம்பிக்கை. வரலாறு இதற்கு மாறாக உள்ளது. உலகின் முதலாவது தரிப்பிடக் கட்டணமானி 1935 யூலை 16 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்தில் நிறுவப்பட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு ஐந்து சதம் அறவிடப்பட்டது. இதனைத் திட்டமிட்ட கார்ல் மகீ என்னும் பத்திரிகையாளர் அந்நகர வர்த்தக சம்மேளனத்தின் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவராக விளங்கியவர். நகர மத்தியில் வேலை செய்வோர் காலையிலேயே தம் வாகனங்களைக் கடைகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டு மாலைவரை எடுக்காதிருந்தனர். பொருள் வாங்க வந்தவருக்கு நிறுத்த இடமில்லை. கட்டணமானி பிறந்தது அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே. அதாவது, தரிப்பிடக் கட்டணம் கடைக்காரரின் முறைப்பாட்டிலிருந்து உதித்த குழந்தையாகும்.

அன்று ஒக்லஹோமாவில் இருந்த நிலை நம் நாட்டுக் கடைவீதிகளுக்கும் அந்நியமானதன்று. கடைக்கு முன்னாலுள்ள இடத்தைக் காலை முதல் மாலை வரை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் எவருடையது? கடை உரிமையாளருடையது, அல்லது அவரது ஊழியருடையது. ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். கடை எட்டு மணித்தியாலம் திறந்திருக்கின்றது. வாங்க வருபவர் அரைமணி நேரம் தங்குகின்றார் என்று கொண்டால், ஓரிடத்தை நாள் முழுவதும் ஒருவர் அடைத்துக்கொள்வதால் பதினாறு பேர் நிறுத்தக்கூடிய வாய்ப்பு அழிகின்றது. வாடிக்கையாளரை விரட்டுவது கட்டணம் என்று முறையிடுபவர், அவரை விரட்டும் வேலையில் தமக்குள்ள பங்கையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

கட்டணம் வணிகத்தை அழிக்கும் என்ற கூற்றை நேரடியாகச் சோதித்துப் பார்க்க உதவும் இரு ஊர்கள் கலிபோர்னியாவில் உண்டு. அவற்றை ஒப்பிட்டுக் காட்டியவர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து 2025 இல் மறைந்த டொனால்ட் ஷூப். பழைய பசடீனா என்பது ஒரு காலத்தில் செழித்துப் பின்னர் சீரழிந்து கிடந்த கடைத்தெருப் பகுதி. அங்கு 1993 இல் கட்டணமானிகள் நிறுவப்பட்டு மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் அறவிடத் தொடங்கினர். வர்த்தகர்கள் முதலில் எதிர்த்தனர். கட்டணத்தால் வரும் வருமானம் அத்தெருக்களின் மேம்பாட்டுக்கே செலவிடப்படும் என நகராட்சி உறுதியளித்ததும் எதிர்ப்பு அடங்கியது. நடைபாதைகள் புதுப்பிக்கப்பட்டன, மரங்கள் நடப்பட்டன, குப்பை மலிந்த பின்சந்துகள் மனிதர் நடமாடும் பாதைகளாயின. சனம் பெருகியது, விற்பனையும் பெருகியது. வெஸ்ற்வூட் என்னும் மற்றொரு கடைத்தெருவில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. அங்கு வர்த்தகர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி 1994 இல் கட்டணம் ஒரு டொலரிலிருந்து ஐம்பது சதமாகக் குறைக்கப்பட்டது. மலிந்த தரிப்பிடங்கள் நிரம்பி வழிந்தன, நடைபாதைகள் சிதைந்தன, கடைகள் தேய்ந்தன. கட்டணப் பணம் அத்தெருவுக்குத் திரும்பாமல் நகரத்தின் பொது வருமானத்திற் கலந்துவிட்டதே இவ்விரு ஊர்களுக்கும் இடையிலான பெருவேறுபாடு.

அமெரிக்காவின் கார் உரிமையாளருக்குப் பொருந்துவது வெருகலின் மோட்டார் சைக்கிள்காரனுக்குப் பொருந்துமா என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஒரு டொலர் என்ற தொகை இங்கே பொருந்தாது. பொருந்துவது அதன் அடியிலுள்ள நெறி. இடத்தை நீண்ட நேரம் பிடித்திருப்பவர் அதிகம் கொடுக்கவேண்டும். கொடுத்தது கொடுத்தவரின் கண்முன்னே தெருவாக, நிழலாக, மலசலகூடமாகத் திரும்பவேண்டும். இந்த நெறியோடு வைத்துப் பார்க்கும்போதுதான் நம் நாட்டில் நடைபெறும் அறவீட்டின் உண்மை முகம் வெளிப்படுகின்றது.

இங்கு தரிப்பிடக் கட்டணத்தை உள்ளூராட்சி மன்றம் தானே அறவிடாத இடங்களில் நடைபெறுவது யாது? அறவிடும் உரிமைக்குக் கேள்விப்பத்திரம் கோரப்படுகின்றது. உயர்ந்த தொகை கேட்பவருக்கு அது குத்தகையாக வழங்கப்படுகின்றது. குத்தகைக்காரர் மன்றத்துக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டால், அதற்குமேல் சேரும் ஒவ்வொரு ரூபாவும் அவருடையது. ஆகவே அவருடைய நலன் தெருவின் ஒழுங்கில் இல்லை; கிழிக்கப்படும் பற்றுச்சீட்டுகளின் எண்ணிக்கையிலேயே தங்கியுள்ளது. பத்து நிமிடம் நின்று மருந்து வாங்கிச் செல்பவரும் நாள் முழுவதும் நிறுத்தியிருப்பவரும் அவருக்கு ஒன்றே. உண்மையில் பத்து நிமிடக்காரரே அவருக்கு இலாபம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சீட்டுக் கிழிக்கலாம் அல்லவா? நெரிசலைக் குறைத்தல் என்ற நோக்கம் இம்முறையில் முளையிலேயே கருகிவிடுகின்றது. நெரிசல் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவுக்குக் குத்தகை கொழிக்கும். அடுத்த ஆண்டுக் கேள்வியில் தொகை ஏறும். ஏறிய தொகையை மீட்கக் கட்டணத்தையும் உயர்த்துமாறு நெருக்குதல் எழும். கட்டணம் ஏறுவதற்கு இவ்வாறு உள்ளிருந்தே ஒரு பொறி இயங்குகின்றது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியர் இந்நாட்டின் வீதிகளிலும் பாலங்களிலும் ஓடத்துறைகளிலும் அறவிட்ட ஆயத்தை இவ்வாறே ஏலத்தில் குத்தகைக்கு விட்டனர். சாராயத்தையும் அவ்வாறே விட்டனர். அக்குத்தகைகள், அவற்றுள்ளும் சிறப்பாகச் சாராயக் குத்தகை, இலங்கையின் புதுப்பணக்கார வர்க்கத்தை உருவாக்கிய வரலாற்றைக் குமாரி ஜயவர்த்தன 2000 இல் வெளியான தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அரசு தன் கையை அழுக்காக்காமல் வருமானம் பெறுகின்றது; இடையிலே நிற்பவர் செல்வராகின்றார்; வழிப்போக்கன் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கின்றான். குடியேற்ற ஆட்சி போயிற்று; அது கற்பித்த குத்தகைப் புத்தி மாத்திரம் போகவில்லை.

தமிழ் மரபு இவ்வகை அறவீட்டை ஐயத்துடன் நோக்கிய மரபாகும். 1070 இல் அரியணை ஏறிய முதலாங் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்தது. போர்க்களத்தில் பெற்ற வெற்றிகளோடு, வழியிலே வாங்கிய சுங்கத்தை விடுத்த செயலையும் மக்கள் நினைவில் வைத்தனர் என்பதே இதன் பொருள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னர் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த அறிவுரை புறநானூற்றில் உள்ளது. நெல்லை அறுத்து அளவாகக் கவளமிட்டால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலிற் புகுந்தால் உண்பதினும் மிதிபடுவதே மிகும் என்பது அதன் கருத்து. அறவீட்டின் அளவைக் காட்டிலும் அது நிகழும் முறையே அழிவை விளைக்கும் என்பதை இதனிலும் தெளிவாக எவர் கூறமுடியும்? குத்தகைக்காரரைக் கடைவீதியில் இறக்கிவிடுவது யானையை வயலில் இறக்கிவிடுவதே.

இவ்வயலில் மிதிபடுவோர் யாவர் என்பதும் நோக்கற்பாலது. கோணேசர் கோயிலையும் நிலாவெளிக் கடற்கரையையும் காண வரும் உல்லாசப் பயணிக்குத் தரிப்பிடச் சீட்டு அவரது நாட்செலவில் ஒரு துளி. அவர் திரும்பி வருவதும் வராததும் அச்சீட்டினால் தீர்மானிக்கப்படப்போவதில்லை. வெருகலிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வருபவரின் நிலை வேறு. 2004 இல் ஆழிப்பேரலையையும் 2006 இல் இடப்பெயர்வையும் கண்டு மீண்ட மக்கள் அவர்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோது ஏறிய விலைகள் முன்னைய நிலைக்கு இறங்கிவிடவில்லை. பணவீக்க வேகமே குறைந்தது. எரிபொருளுக்குக் கொடுத்த பின்னர் எஞ்சிய சில்லறையிலிருந்து கச்சேரி வாசலில் ஒரு முறை, வைத்தியசாலை அருகில் ஒரு முறை, கடைவீதியில் ஒரு முறை என்று கட்டவேண்டி வந்தால், அது பயணச் செலவின் மேல் விதிக்கப்பட்ட தண்டமே. தெரிவு உள்ளவர் தவிர்க்கக்கூடிய கட்டணம் ஒரு விலை. தெரிவு இல்லாதவரிடம் வாங்கும் கட்டணம் வரி. வரி விதிப்பதாயின் அதற்குரிய நியாயமும் பொறுப்பும் வேண்டும்.

அப்பொறுப்பு அண்மைக் காலத்தில் எவ்வாறு இருந்தது? 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 அன்றே நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் தானும் இன்றி அதிகாரிகளே மன்றங்களை நடத்தினர். தெருவோரத்தில் நிற்பவனிடம் வாங்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்கச் சபையிலே ஒரு குரலும் இருக்கவில்லை. இன்று குரல்கள் இருக்கின்றன. அவை பேசவேண்டிய முதல் விடயங்களுள் இதுவும் ஒன்றாகும். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. வீதிகள் அகலவில்லை, வாகனங்கள் பெருகும். இப்போது நெறி வகுக்காவிடின் குத்தகைக்காரரே நெறி வகுப்பார்.

அந்நெறி சிக்கலானதன்று. முதலாவதாக, அறவிடும் உரிமையை ஏலத்தில் விற்பதை நிறுத்தி மன்றமே தன் ஊழியர் மூலம் அறவிடல் வேண்டும். இரண்டாவதாக, முதல் அரைமணி நேரத்துக்குக் கட்டணம் இருத்தலாகாது. அதன் பின்னர் நேரத்துக்கேற்பக் கட்டணம் ஏறலாம். மருந்து வாங்க வந்தவர் தப்புவார். நாள் முழுவதும் இடம்பிடிப்பவர் கொடுப்பார். மூன்றாவதாக, வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் வருவோரிடம் கட்டணம் வாங்கலாகாது. நோயும் அரசாங்க அலுவலும் எவரும் விரும்பித் தேடுவன அல்ல. நான்காவதாக, எத்தெருவில் எவ்வளவு சேர்ந்தது, அத்தெருவுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதை ஆண்டுதோறும் அத்தெருவிலேயே பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். பசடீனாவின் வர்த்தகர்களை இணங்கச் செய்தது இத்தகைய கண்கூடான கணக்கே.

மன்றங்களுக்கு வருமானம் வேண்டாமா என்று கேட்போர் உளர். வேண்டும். ஆயின் குத்தகைத் தொகை நிச்சயமானது என்பதற்காக அதனை ஏற்பது, விளையும் நெல்லை அளந்து பார்க்காமல் வயலைப் பிறருக்கு எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். குத்தகைக்காரர் இலாபமின்றி இத்தொழிலுக்கு வருவதில்லை. அவர் எடுத்துச் செல்லும் இலாபமும் மக்களிடமிருந்து வந்த பணமே. அது மன்றத்துக்கு உரியது, மன்றத்தினூடாகத் தெருவுக்கு உரியது.

வெருகல் நகரமன்று, அதன் கடைகள் சிலவே. ஆயினும் ஆவணித் திங்களில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு இரு மாவட்டங்களிலிருந்தும் அடியார் திரள்கின்றனர். கால்நடையாக வருவோரும் உளர். வாகனங்களில் வருவோரும் உளர். தெருவோரத்தை விலைபேசும் வழக்கம் நகரங்களோடு நின்றுவிடுவதில்லை. கூட்டம் கூடும் இடமெல்லாம் அது தொடர்ந்து செல்லும். அன்று ஆற்றங்கரையில் ஓடத்துக்காகக் காத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாது, அது எவர் கைக்குப் போகின்றது என்றும் கேட்கட்டும்.