நிறுத்தத் தெரியாமல் பட்ட பாடு

ஓய்வுபெற்ற பின் 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்று வருகிறேன். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கியது. இலவசம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நாளிதழ் பார்த்து நோட்டில் குறித்துவைத்த வைகை அணை நீர்மட்டத்தை ஒரு நாள் பகல் முழுக்கத் தட்டச்சு செய்து, நாள்வாரியாக அச்சிட 'லூப்' எழுதினேன். நாளை ஒன்று கூட்ட மறந்துவிட்டேன். 52 அடி, 52 அடி என்று ஓடிக்கொண்டே இருந்தது. கன்ட்ரோல்-சி அழுத்தினேன், நிற்கவில்லை. பதறி மெயின் சுவிட்சையே அணைத்தேன். சேமிக்காத தட்டச்சு எல்லாம் போச்சு.

பிறகுதான் பேரன் சொன்னான்: டெர்மினலில் கன்ட்ரோல்-சி நிறுத்தும், விண்டோஸில் வரும் ஆர் ஜன்னலில் அது நகல் எடுக்கும், நிறுத்துவது எஸ்கேப். இது என்ன நியாயம்? நிறுத்தும் சாவி எங்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

சரியான சாவியை அழுத்தினாலும், உள்ளே சி மொழியில் ஓடும் கணக்கு இடையிடையே கவனிக்கும்படி எழுதப்பட்டிருந்தால்தான் உடனே நிற்குமாம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் அடித்தாலும் டிரைவர் காதில் விழ வேண்டுமே!

இப்போது எஸ்கேப் சாவியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து தட்டுகிறேன்.